பெரியக்கா தொழில் பழகிய வருஷங்கள்

பிஸ்கட் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. காலையில் வேலைக்குப் போனால் வாசலில் ஒரு பூட்டு, பூட்டுக்கு மேலே ஓர் அறிவிப்பு. பெண்களெல்லாம் சற்று நேரம் கூடி நின்றார்கள், முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டினார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்து போனார்கள். இவளுக்குப் போவதற்கு வீட்டைத் தவிர வேறு பக்கம் இருக்கவில்லை. கணவன் லாரி ஓட்டியவன். லாரியோடு போனவன், லாரி திரும்பி வந்த பிறகும் திரும்பவில்லை. அது பழைய கதை. அப்போது இடுப்பில் இருந்த மகள் இப்போது அம்மாவைவிட ஒரு விரற்கடை உயரமாக வளர்ந்து, பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

வேலை கேட்டு அலையாத இடமில்லை. கடைசியில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், இவள் சொன்னதையெல்லாம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, "தொழிற்பயிற்சி இருக்கும்மா. வயசு வரம்பு இல்ல. தையல், வெல்டிங், முடியலங்காரம். எதுல போடட்டும்?" என்றார்.

"தையலுக்குக் கண்ணு ஒத்துழைக்காதுங்க. வெல்டிங்குக்கு நெஞ்சு ஒத்துழைக்காது."

"அப்ப முடிதான்."

முடி என்றதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலையில் அவளுடைய வேலைகளில் ஒன்று, உள்ளே போகிற பெண்களின் தலையில் மாட்டும் வலைத்தொப்பியைச் சோதிப்பது. ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பிடித்து உள்ளே திணிக்க வேண்டும். இத்தனை வருஷம் முடியை ஒளித்து வைத்தோம், இனி எடுத்துக் காட்டித்தான் பார்ப்போமே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

படிப்பு இரண்டு வருஷம். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிப் பள்ளி. மீதி நாள்களில் ஏதாவது ஒரு சலூனில் தொழில் பழக வேண்டும். சலூன் முதலாளி "இவர் ஒழுங்காகப் பழகினார்" என்று சொன்னால்தான் கடைசித் தேர்வில் உட்காரவே விடுவார்கள். தேர்வில் உயிருள்ள ஓர் ஆளின் தலையில் முடி வெட்டி, படிய வைத்து, வெளுத்துச் சாயமும் போட்டுக் காட்ட வேண்டும்.

வகுப்பில் எல்லாம் மீசை முளைக்கிற பையன்களும், பள்ளிக்கூடத்துச் சடையை அப்போதுதான் அவிழ்த்த பெண்களும். முதல் நாள் இவள் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையான டீச்சர் அவளுக்குப் பின்னால் வந்தாள். இவளைவிடப் பத்து வயது இளையவள். அன்று முதல் இவளுக்குப் பெரியக்கா என்ற பெயர் விழுந்தது. டீச்சரும் அப்படியே கூப்பிட்டாள். சொந்தப் பெயர் பதிவேட்டோடு நின்றுபோனது.

ஆளுக்கொரு பொம்மைத் தலை கொடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. மேசை விளிம்பில் இடுக்கி போட்டு மாட்டிவிட்டால், கண்ணை இமைக்காமல் வெறித்துக்கொண்டிருக்கும். பெரியக்கா அதைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்கு எடுத்து வருவாள். ஒருநாள் பை வாய் விலகி, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து ஓடியே போனார். மகள் அந்தத் தலைக்குச் சித்தி என்று உறவு வைத்தாள்.

"சித்திக்கு இன்னிக்கு என்னம்மா விசேஷம்? இவ்வளவு சுருட்டி விட்டிருக்க?"

"பொண்ணு பாக்க வராங்க."

"உடம்பைக் கேட்டா என்ன சொல்லுவ?"

"அது பின்னால வரும்னு சொல்லுவேன்."

சிரித்துச் சிரித்துத் தாயும் மகளும் புரையேறிப் போவார்கள். அந்த முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொழில் பழகக் கிடைத்த சலூன் கடைவீதியின் முனையில் இருந்தது. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, பின்பக்கம் தலை கழுவும் தொட்டி, அதற்கும் பின்னால் ஒரு தடுப்பு மறைவில் மருந்துகள் கலக்கும் சிறிய அறை. முதலாளியம்மாவை எல்லாரும் மேடம் என்பார்கள். முப்பதைத் தொடாத வயது. கெட்டிக்காரி. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவர்கள் வீட்டுக்கதை, ஆபீஸ் கதை எல்லாவற்றையும் வாயிலிருந்து பிடுங்கிவிடுவாள். ஆனால் கையில் வேகம் அதிகம், பொறுமை கம்மி.

பெரியக்காவோடு கூடவே அதே சலூனுக்கு வந்தவள் ஒரு சின்னப்பெண். வகுப்பிலேயே குள்ளம். கழுவும் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்றால்தான் கை எட்டும். அவளைப் பொடிசு என்பார்கள். "பெரியக்கா, பெரியக்கா" என்று வாலாகவே சுற்றினாள். மத்தியானம் இருவரும் மருந்தறையில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பொடிசுக்கு அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணிக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. எப்போது நிறுத்தலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தப்பு பண்ணினா போதும் பெரியக்கா, மூட்டையைக் கட்டி உக்கார வச்சிடுவாங்க."

"தப்பே பண்ணாத ஆளா எவன் பொறந்தான்? சாப்புடு."

முதல் வருஷம் பெருக்குவதும் துண்டு துவைப்பதும் தலை கழுவுவதுமாகப் போனது. அது எல்லாருக்கும் உள்ளதுதான். இரண்டாம் வருஷம் பொடிசின் கையில் மேடம் கத்தரியைக் கொடுத்தாள், சாயத் தூரிகையைக் கொடுத்தாள். பெரியக்காவைத் தொட்டிப் பக்கத்திலிருந்து நகரவிடவில்லை.

"அக்கா, உங்க கை தலைக்கு இதமா இருக்குன்னு கஸ்டமர் எல்லாம் சொல்றாங்க. வாஷ் நீங்களே பாத்துக்குங்க."

பெரியக்காவின் கை நாள்பூராவும் தண்ணீரிலும் ஷாம்பூவிலும் ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்து, சிவந்து கிடந்தது. விஷயம் கை இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் முகம் இளசாக இருக்க வேண்டும் என்று மேடம் நினைத்தாள். அதை நேராகச் சொல்லவில்லை. சொல்லாமலே பெரியக்காவுக்குப் புரிந்தது. ஒருமுறை, "மேடம், கலர் ஒரு தடவை நானும் போட்டுப் பாக்கட்டுமா? பரீட்சைக்கு வேணும்" என்று கேட்டதற்கு, "பாக்கலாம்க்கா" என்று பதில் வந்தது. அந்தப் பார்க்கலாம் பார்க்கலாமாகவே கிடந்தது.

பள்ளியில் டீச்சர் துருவினாள். "பெரியக்கா, நிஜத் தலையில ப்ளீச் பண்ணிப் பாத்தீங்களா இல்லையா?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"பொம்மைக்குத் தோல் கிடையாது. எரியுதுன்னு வாயைத் தொறந்து சொல்லாது. நான் வேணா உங்க மேடம்கிட்ட பேசட்டா?"

"ஐயோ, வேண்டாம் டீச்சர். இருக்கிறதும் போயிடும்."

ப்ளீச் என்பது முடியின் கறுப்பை எடுக்கிற வேலை. நீலப் பவுடர் ஒன்று, அதைக் குழைக்க ஒரு வெள்ளைத் திரவம். அந்தத் திரவத்துக்கு வீரியம் உண்டு, அதை எண்ணால் சொல்வார்கள். இருபது என்று எழுதிய பாட்டிலைத் தலைத்தோல் தாங்கும். நாற்பது தோலில் படவே கூடாது. இதை டீச்சர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். லேசான நமைச்சலும் சுரீர் என்பதும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

தேர்வு நெருங்க நெருங்கப் பெரியக்கா பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். வீட்டில் புலம்பினாள். மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"என் தலை இருக்கும்போது உனக்கு என்னம்மா கவலை? எனக்கும் பின்னால கொஞ்சம் செம்பட்டையா வேணும். கிளாஸ்ல பாதிப் பேர் பண்ணியிருக்காங்க."

"உன் தலையிலயா? விளையாடறியா?"

"சித்தி தலைன்னு நினைச்சுக்கோ."

மகளின் முடி அடர்த்தி. அவிழ்த்துவிட்டால் முதுகை மூடும். அப்பன் வழியில் வந்த முடி. அவன் விட்டுப்போனதில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று பெரியக்கா அடிக்கடி சொல்வாள்.

சலூனில் மேடம் வெளியே போயிருந்த சமயம் பார்த்து, பவுடர் கொஞ்சம், இருபது என்று எழுதிய பாட்டிலிலிருந்து திரவம் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். கேட்காமல் எடுத்ததுதான். கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவில்லை.

விடுமுறை நாள், மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. மகள் முற்றத்துப் பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்து, தோளில் பழைய துண்டு போட்டுக்கொண்டு, கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா பாடம் பிசகாமல் செய்தாள். முடியைப் பிரித்து, இடுக்கி போட்டு, கலவையைத் தூரிகையால் தடவி, அலுமினியத் தாளில் மடித்து. பின்னந்தலையில் வேரோடு ஒட்டித் தடவினாள். மேலே பிளாஸ்டிக் தொப்பியும் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் நெளிந்தாள். "எரியுதும்மா."

"லேசா எரியத்தான் செய்யும். டீச்சர் சொல்லியிருக்காங்க."

"லேசா இல்லம்மா."

"உனக்கு எதுவுமே தாங்காதுடி. ஊசி போட்டாகூட ஊரைக் கூட்டுவ. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, நிறம் பிடிக்கட்டும்."

மகள் பொறுத்துக்கொண்டாள். அம்மா பரீட்சையில் தேற வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கைப்பேசியைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று அலறிக்கொண்டு எழுந்து, தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். பெரியக்கா பின்னாலேயே ஓடித் தண்ணீரைத் திறந்தாள். தாளைப் பிரித்தபோது அது கை வைக்க முடியாத சூடாக இருந்தது. முடி, கொத்தாக, ஈர நூல்போல அவள் விரலோடு வந்தது. அதன் கீழே தோல் வெந்திருந்தது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் காயத்தைப் பார்த்துவிட்டு, "யார் பண்ணினது இது?" என்று கேட்டார்.

பெரியக்காதான், "நான்தாங்க. வீட்டுல" என்றாள்.

"ஏம்மா, இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யற வேலை இல்லையா?"

தெரிந்துகொள்ளத்தான் செய்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மருந்துச் சீட்டை வாங்கினாள்.

காயம் ஆற வெகு நாள் ஆனது. கட்டைப் பிரித்த அன்று மருத்துவர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். உள்ளங்கை அகலத்துக்குப் பின்னந்தலையில் முடியின் வேர் செத்துவிட்டது. அங்கே இனி முளைக்காது. மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பொம்மைத் தலையை அலமாரியிலிருந்து எடுத்து, "இதை உன் ஸ்கூல்லயே வச்சுக்கோ" என்று வாசலில் வைத்தாள். அன்று முதல் தன் தலையை அம்மா தொட விடவில்லை.

எங்கே தப்பு செய்தோம் என்று பெரியக்கா மண்டையை உடைத்துக்கொண்டாள். அளவைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பவுடர் சரி. திரவம் சரி. நேரமும் அதிகமில்லை. தன் கையில்தான் ஏதோ கோளாறு, இந்தத் தொழில் தனக்கு லபிக்காது என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்த சமயத்தில், சலூனில் ஒரு காலை, துண்டு எடுக்க மருந்தறைத் தடுப்பை விலக்கினாள். மேடம் உள்ளே குனிந்து நின்றிருந்தாள். நாற்பது என்று எழுதிய பெரிய கேனிலிருந்து, இருபது என்று எழுதிய பாட்டிலுக்குள் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்ததும் குழாயைத் திறந்து, கண் அளவாகக் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகி ஒரு குலுக்கு குலுக்கினாள்.

"என்னக்கா பாக்கறீங்க? இருபது தீந்து போச்சு. கம்பெனிக்காரன் இன்னும் கொண்டு வரல. தீந்தா எப்பவும் இப்படித்தான். தண்ணி விட்டா எல்லாம் ஒண்ணுதான்."

பெரியக்கா தடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொட்டியில் ஒரு வாடிக்கையாளர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். தண்ணீரைத் திறந்தாள். கை தானாக வேலை செய்தது. காதில் மகள் "லேசா இல்லம்மா" என்று சொல்வது கேட்டுக்கொண்டே இருந்தது.

சொல்ல வேண்டும் என்றால் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? பாட்டிலைப் பற்றிப் பேச்செடுத்தால், உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். திருடிக்கொண்டு போனது வெளியே வரும். மேடம் விரட்டிவிடுவாள். இரண்டு வருஷமும் தண்ணீரோடு தண்ணீராகப் போகும். மகளின் தலையும் போய், படிப்பும் போய், எதற்காக இதெல்லாம் என்று ஆகிவிடும். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசி வாயைக் கட்டிக்கொண்டாள்.

மனது கேட்காமல் பொடிசிடம் மட்டும் அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தாள். "ஏண்டி, ப்ளீச் வைக்கும்போது வேர்ல படாம வை. எரியுதுன்னு யாராவது சொன்னா உடனே கழுவிடு."

"மேடம் நேரம் ஆகட்டும்னு சொன்னா?"

"மேடம் சொன்னாலும் கழுவிடு."

"ஏன் பெரியக்கா?"

"சொன்னா கேளு. ஏன் எதுக்குன்னு நோண்டாத."

பொடிசு சிரித்துவிட்டுப் போய்விட்டாள். காரணம் தெரியாத எச்சரிக்கையை யார்தான் காதில் போட்டுக்கொள்வார்கள்?

அது நடந்த அன்று பெரியக்காவுக்குப் பயிற்சிப் பள்ளி. ஆள் குறைவு என்று மேடம் பொடிசை மட்டும் சலூனிலேயே நிறுத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பெரியக்கா உள்ளே நுழைந்தபோது, நடு நாற்காலிக்குப் பக்கத்தில் பொடிசு தலைகுனிந்து நின்றிருந்தாள். எதிரே மேடம். வாசல் பக்கம் ஒரு மனிதர் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய மனைவிக்கு முந்தின நாள் இங்கே முடி வெளுத்தார்கள். இப்போது நெற்றியோரம் முழுக்கக் கொப்புளத்தோடு மருத்துவமனையில் கிடக்கிறாள்.

"சார், இவ டிரெய்னி. அளவு தெரியாம கலந்துட்டா. நான் பாக்காத நேரத்துல நடந்துபோச்சு. இனிமே இவ இங்க வேலை செய்யமாட்டா" என்றாள் மேடம்.

"நான் சரியாத்தான் கலந்தேன் மேடம். இருபதுலதான் கலந்தேன். அவங்க எரியுதுன்னாங்க, கழுவட்டுமான்னு உங்களைக் கேட்டேன்…"

"பொய் சொல்லாத!"

பொடிசு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வாசலில் நின்ற பெரியக்காவைப் பார்த்தாள். உதவி கேட்கிற பார்வைகூட இல்லை அது. தெரிந்த முகம் ஒன்று வந்திருக்கிறது என்ற ஆறுதல், அவ்வளவுதான். பெரியக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

பொடிசு தன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பெரியக்கா கூட்டினாள். முந்தின நாள் விழுந்த முடியெல்லாம் இன்னும் தரையில் கிடந்தது. வெளிறிப்போன இழைகள் சிலவும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கொட்டினாள்.

அன்று மத்தியானமே மேடம் அவளைக் கூப்பிட்டாள். "அக்கா, நாளையிலேர்ந்து கலர் நீங்க பாருங்க." இத்தனை நாளாகக் காத்திருந்தது அதற்குத்தான். தூரிகையைக் கையில் வாங்கி, தொட்டியில் வெகு நேரம் கழுவினாள்.

சில நாள் அப்படியே ஓடியது. பெரியக்கா கலர் போட்டாள். ஆனால் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. ப்ளீச் கேட்டு வருகிறவர்களிடம், "உங்க முடிக்கு வேண்டாங்க, சாயம் மட்டும் போதும்" என்று ஏதாவது சொல்லித் திசைதிருப்பிவிடுவாள். இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை.

வீட்டில் ஒருநாள் மகள் தட்டிலிருந்து நிமிராமலே கேட்டாள். "பொடிசு அக்கா பத்தி நீ இப்பல்லாம் பேசறதே இல்லையே. என்ன ஆச்சு?"

மறைக்கத் தெம்பில்லாமல் பெரியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலில் மேடம் ஊற்றியதையும் சேர்த்தே சொன்னாள். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப என் தலையில நீ போட்டது நாற்பதா?"

"ஆமா."

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

"உனக்குக் கட்டு பிரிச்ச கொஞ்ச நாள்லயே."

"தெரிஞ்சும் அந்தம்மா தலையில போட விட்டியா?"

"நான் அங்க இல்லடி அன்னிக்கு."

"அடுத்த நாள் இருந்தியே."

மகள் தட்டை நகர்த்தினாள். எழுந்து கை கழுவினாள். திட்டியிருந்தாலாவது பெரியக்காவுக்கு ஏதாவது பதில் பேச வழியிருந்திருக்கும்.

அடுத்த பள்ளி நாளில் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, பெரியக்கா டீச்சரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கேனைப் பற்றிச் சொன்னாள். குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். தான் எடுத்துக்கொண்டு போனதையும், மகளின் தலையையும் சொன்னாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பெரியக்கா, இதை நான் மேல சொல்லியே ஆகணும். சொன்னா அந்த சலூன்ல உங்களுக்கு இடம் இருக்காது. பரீட்சைக்கு முன்னால வேற யாரும் உங்களை எடுத்துக்கறதும் கஷ்டம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் டீச்சர். லேட்டாத்தான் சொல்றேன். அதுவும் தெரியும்."

பள்ளியிலிருந்து இருவர் சலூனுக்குப் போனார்கள். பெரியக்காவும் கூடப் போக வேண்டியிருந்தது. மேடம் முதலில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டிலை எடுத்துக் காட்டினாள், அது புத்தம்புதிதாக, உறை பிரிக்காமல் இருந்தது. பழையதை என்றைக்கோ அப்புறப்படுத்திவிட்டாள். பிறகு பெரியக்காவின் பக்கம் திரும்பினாள்.

"இவங்க திருடி. என் கடையிலேர்ந்து சரக்கை எடுத்துட்டுப் போய்ப் பெத்த பொண்ணு தலையையே கருக்கிட்டு வந்து என்மேல பழி போடறாங்க. இந்த வயசுல தொழில் கத்துக்க வந்தா இப்படித்தான் ஆகும்."

பெரியக்கா அந்த வார்த்தைகளில் எதையும் மறுக்கவில்லை. "நான் எடுத்தது உண்மை. அந்தப் பொண்ணு சரியாத்தான் கலந்தா, அதுவும் உண்மை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள்.

மேடமிடம் இனிப் பயிற்சிக்கு ஆள் அனுப்புவதில்லை என்று பள்ளி முடிவு செய்தது. அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. சலூன் வழக்கம்போல நடந்தது. பொடிசின் மேல் தப்பில்லை என்று டீச்சர் அவள் அண்ணன் வீட்டுக்கு நேரிலேயே போய்ச் சொன்னாள். வேறு சலூனில் இடமும் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் காலம் கடந்துவிட்டது. அண்ணி அவளை வெளியூரில் ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டுக்கு, குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டிருந்தாள். "முடியும் வேணாம், மயிரும் வேணாம். ஊரே சிரிச்சது போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். பெரியக்காவும் ஒருமுறை அந்த வாசலுக்குப் போய் நின்றாள். அவளுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அந்த வருஷத் தேர்வு பெரியக்காவுக்கு இல்லாமல் போனது. படியேறி இறங்காத சலூன் இல்லை. பாதிப் பேர் அவள் வயதைப் பார்த்துக் கையை விரித்தார்கள். மீதிப் பேருக்குக் கதை எட்டியிருந்தது. இடையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். வெடித்த கை அங்கே இன்னும் மோசமானது. கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஆண்களுக்கு முடி வெட்டுகிற ஒருவர் அவளை எடுத்துக்கொண்டார். அவருக்கு நல்ல மனது என்றெல்லாம் இல்லை. கை நடுக்கம் வந்து ஆள் தேவைப்பட்டது. வாய் பொல்லாதது. "சீப்பைப் பிடிக்கற அழகைப் பாரு, கரண்டி பிடிக்கற மாதிரி" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே வைவார். ஆனால் கத்தரியைக் கையில் கொடுத்தார். ஒரு வருஷம் அங்கே பழகி, தேர்வு எழுதினாள்.

தேர்வுக்குத் தலை கொடுக்க மகளை அவள் கேட்கவில்லை. பள்ளியே ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தது. ப்ளீச் பகுதி வந்தபோது பெரியக்கா பாட்டிலைத் திறந்து, தன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவிக்கொண்டு காத்திருந்தாள். தேர்வாளர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "பாத்துக்கறேங்க" என்றாள். நேரம் போதாமல் மதிப்பெண் குறைந்தது. ஆனாலும் தேறிவிட்டாள். சான்றிதழை வாங்கி வந்து பெட்டியின் அடியில் வைத்தாள், சட்டம் போட்டு மாட்டவில்லை.

இப்போது அவள் நீண்ட நாள் நோயாளிகள் தங்கியிருக்கிற ஒரு மருத்துவமனையில் முடி வெட்டுகிறாள். எழுந்து உட்கார முடியாதவர்கள், வாய் பேச முடியாதவர்கள், தன்னை மறந்தவர்கள். தலையணையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, ஒரு பக்கம் வெட்டி, செவிலி புரட்டிப் படுக்க வைத்ததும் மறுபக்கம் வெட்ட வேண்டும். அங்கே கண்ணாடி கிடையாது. பேச முடியாதவர்களுக்கு வெட்டும்போது அவள் தலையைப் பார்ப்பதைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பாள். புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், கையை எடுத்துவிடுவாள். மற்ற ஊழியர்கள், ஒரு தலைக்கு இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொள்வார்கள். அவள் அதைக் காதில் வாங்குவதில்லை. இங்கேயும் எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மகள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வருவாள், சாப்பிடுவாள், பேசுவாள். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. முடியை மேலிருந்து வாரி இறக்கிப் பின்னந்தலையை மூடிக்கொள்ள அவளாகவே பழகிக்கொண்டாள்.

போன விடுமுறையில் ஒரு காலை, தோழியைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கண்ணுக்கு எட்டவில்லை. பெரியக்கா அறை வாசலில் துவைத்த துணிகளோடு நின்றிருந்தாள்.

மகள் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "தெரியுதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியுது" என்றாள் பெரியக்கா. "இடது பக்கம், காதுக்குப் பின்னால கொஞ்சம் விலகியிருக்கு."

மகள் சீப்பை எடுத்து வாரினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு."

"இப்ப?"

பெரியக்கா துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றே கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இப்பத் தெரியல."

மகள் தலையாட்டிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். பெரியக்கா துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள்.